ஐந்தாவது பெயர்

கணீரக்கா என்பது அவளுடைய குரலுக்கு வைத்த பெயர். கருத்துக் கணிப்பு நிறுவனத்தின் தொலைபேசி அறையில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். பதினாறு வருஷமாக அதே மூலை மேஜை, அதே சுழல் நாற்காலி. நாற்காலியின் சக்கரம் ஒன்று உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தாள். அதில் உட்கார்ந்து சோப்பு நுரைக்கிறதா என்று கேட்டிருக்கிறாள், ரயில் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டிருக்கிறாள், ஆட்சி பிடித்திருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறாள். எல்லாம் ஒரே குரலில்தான். மறுமுனையில் இருப்பவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்காக அவள் மகிழவோ வருந்தவோ மாட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரியும்.

அந்த அறையின் முதல் விதி, தூண்டக் கூடாது. எழுதிக் கொடுத்த கேள்வியை ஒரு எழுத்து மாறாமல் படிக்க வேண்டும். பதில் சொல்பவர் திணறினால் கேள்வியை மறுபடி அப்படியே படிக்கலாம். விளக்கம் சொல்லக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது, "ம்ம்" கொட்டுவதில்கூட சந்தோஷம் தெரியக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவள் பக்கத்தில் உட்கார வைத்து, "கணீரக்கா கேக்கற மாதிரி கேளுங்க, போதும்" என்பார் மேற்பார்வையாளர். அவருக்கு வாயைத் திறந்தால் சதவீதம்தான். வீட்டில் உப்பு கூடிப்போனால்கூட எத்தனை சதவீதம் என்று கேட்பார் என்று அறையில் பேசிக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் சதவீதம் சார்.

அந்த வருஷம் நகரத் தலைவர் தேர்தலில் கணீரக்காவின் தம்பி நின்றான்.

கட்சி கிடையாது, பணம் கிடையாது. பதினைந்து வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். நகரத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை மூடிவிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் அவன் ஒரு கணக்குப் போட்டான். இப்போது ஒன்பது நிமிஷம். பாலத்து நெரிசலோடு நாற்பது. இந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு பெரிய வேட்பாளர்கள் இரண்டு பேர் வீட்டு வாசலிலும் போய் நின்றான். ஒருவர் காப்பி கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் அதுவும் கொடுக்கவில்லை. வந்த கோபத்தில் மனுத் தாக்கல் செய்துவிட்டான்.

ஊரில் அவன் கை படாத தெரு இல்லை. யாருடைய அப்பாவையாவது, யாருடைய பிரசவ வலிக்காரியையாவது தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஆனால் ஒருத்தருக்கும் அவன் பெயர் தெரியாது. அவன் எல்லாருக்கும் ஆம்புலன்ஸ்காரர். சுவரொட்டியிலும் அப்படித்தான் போட்டான். வண்டிக்கு முன்னால் அவன் நிற்கிற படம், கீழே கொட்டை எழுத்தில் "நம்ம ஆம்புலன்ஸ்காரர்". பெற்றவர்கள் வைத்த பெயர் ஒரு மூலையில் எறும்பு மாதிரி கிடந்தது.

"பேரைப் பெருசாப் போடுடா" என்று அவள் சொன்னாள்.

"போக்கா. அந்தப் பேரச் சொன்னா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றான். "வாக்குச் சீட்டுல படம் இருக்கு. மூஞ்சியப் பாத்துக் குத்திட்டுப் போறாங்க."

அவள் கணவர் கடைத்தெருவில் மாற்றுச் சாவி போட்டுத் தருகிறவர். மைத்துனன் மேல் கொள்ளைப் பிரியம். முதல் சுவரொட்டி அவருடைய கடைக் கதவில்தான் ஒட்டப்பட்டது. சாவி வெட்ட வருகிறவர்களிடம், "பூட்டு எதுவா இருந்தாலும் பரவாயில்ல, ஓட்டு மட்டும் எங்க மச்சானுக்கு" என்று சொல்லிச் சொல்லி அது கடைத்தெரு முழுக்கப் பரவியது.

தம்பிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் தொலைக்காட்சியில் வேட்பாளர்களை எதிரெதிரே உட்கார வைத்து ஒரு விவாதம் நடத்துவார்கள். ஊரே பார்க்கும். "ஜெயிக்கறது கிடக்கட்டும்க்கா. அந்த ரெண்டு பேரையும் கேமரா முன்னாடி வெச்சு, ஒன்பதா நாப்பதான்னு கேட்டுட்டா போதும். அப்புறம் யார் வந்தாலும் அந்தப் பிரிவை மூட முடியாது." கருத்துக் கணிப்பில் ஐந்து சதவீதமாவது வாங்கியவர்களுக்குத்தான் விவாதத்தில் நாற்காலி. கணிப்பை நடத்தித் தரும் வேலை அவளுடைய நிறுவனத்துக்கு வந்தது.

அன்றைக்கே அவள் சதவீதம் சாரின் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"சார், இதுல என்னைப் போடாதீங்க. அஞ்சாவது வேட்பாளர் என் கூடப்பிறந்தவன்."

அவர் பேனாவை மேஜையில் தட்டினார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா உங்கள எடுத்துட்டு நான் யாரைப் போடறது? நீங்கதான்மா இந்த அறைக்கே தராசு. அப்பனே நின்னாலும் கேள்விய மாத்திக் கேக்க மாட்டீங்க. உக்காருங்க."

பெருமையாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்தாள்.

ஆயிரத்து இருநூறு பேர், ஆளுக்கு நூறு அழைப்பு. கேள்வி நேரடியானது. ஐந்து பெயர்களையும் சீட்டில் இருக்கிற வரிசையில் படித்து, இவர்களில் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். பதிலுக்கு ஏற்ப ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு பொத்தான். சொல்லத் தெரியவில்லை என்றால் ஒன்பது.

முதல் நாள் நாலாவது அழைப்பிலேயே அது வந்தது. ஒரு பெண், பின்னால் குழந்தை சத்தம்.

"நீங்க படிச்ச அஞ்சு பேர்ல யாரும் வேணாங்க. நான் ஆம்புலன்ஸ்காரருக்குப் போடறேன். ஏங்க, அவர் பேரு இதுல இல்லையா? மனுவத் தள்ளிட்டாங்களா?"

பதில் கணீரக்காவின் வாய் வரை வந்தது. அந்த ஐந்தாவது பெயர்தான் அவர். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலு வார்த்தை.

"கேள்வியை மறுபடி படிக்கிறேன்" என்றாள். ஐந்து பெயர்களையும் அதே நிதானத்தில் படித்தாள். ஐந்தாவதில் குரல் ஒரு இழை உயர்ந்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் தாழ்த்தியே படித்தாள்.

"அவர் இல்லைன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றது குரல்.

ஒன்பதை அழுத்தினாள். திரையின் அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஆம்புலன்ஸ்காரர் என்கிறார்' என்று தட்டினாள். இடைவேளையில் சதவீதம் சாரிடம் போய்ச் சொன்னாள்.

"பட்டப்பேர் சொன்னா ஒன்பதுதான், விதி அதுதானே" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "குறிப்புல எழுதிட்டே வாங்க. கடைசில எல்லாத்தையும் நான் படிச்சு அவர் கணக்குல சேத்துடறேன். இது ஒண்ணும் புதுசில்ல" என்றார்.

அவளுக்கு மனசு லேசாயிற்று. அவள் நூறு அழைப்பை முடித்தபோது பதினான்கு பேர் ஆம்புலன்ஸ்காரர் என்றிருந்தார்கள். ஒருவர், "டிரைவர் தம்பி" என்றார். ஒரு கிழவர், "சைரன் வெச்ச வண்டி" என்று மட்டும் சொல்லி இருமினார். அடுத்த மேஜைக்காரி தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, யாரு இந்த ஆம்புலன்ஸ்காரர்? எனக்கும் ஒரே அவர் பாட்டுதான்" என்று கேட்டாள்.

"குறிப்புல எழுது" என்றாள் கணீரக்கா. தன் தம்பி என்று சொல்லவில்லை. தூண்டக் கூடாது அல்லவா.

வீட்டில் தம்பி வந்து வட்டம் போட்டான். "ஏதாச்சும் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்னு தெரியாதா உனக்கு? போய் சட்டையத் தச்சுக்கோ. டி.வி.ல உக்காரும்போது காலர் கிழிஞ்சிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். அதுவே அதிகம். சொன்ன பிறகு அவளுக்கே குறுகுறுத்தது. கணவர் கண்ணைச் சிமிட்டினார். தம்பி அடுத்த நாளே புதுச் சட்டை வாங்கிவிட்டான்.

முடிவு வியாழக்கிழமை காலைச் செய்தித்தாளில் வந்தது. முதலாமவர் ஐம்பத்திரண்டு. இரண்டாமவர் முப்பத்தெட்டு. மூன்றும் நான்கும் சில்லறை. ஐந்தாவது பெயர், ஒன்று புள்ளி எட்டு. தலைப்பு, 'இருமுனைப் போட்டி உறுதி'.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பதினெட்டு என்று போட வந்து புள்ளி நடுவில் விழுந்துவிட்டதோ என்றுகூட மனசு அலைந்தது. அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போய்க் கண்ணாடி அறை வாசலில் நின்றாள்.

"குறிப்பெல்லாம் சேக்கலையா சார்?"

"உக்காருங்க."

"எத்தனை பேர் சொன்னாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நூத்தி முப்பத்தேழு" என்றார்.

பதினாறு வருஷம் அந்த அறையில் இருந்தவளுக்குக் காகிதம் வேண்டாம். ஆயிரத்து இருநூற்றில் நூற்று முப்பத்தேழு, பதினொன்றுக்கு மேல். செய்தித்தாளின் அடிக்குறிப்புப்படி, ஒன்பதில் விழுந்தவர்கள் மொத்தம் முந்நூற்று முப்பத்தொன்று. அத்தனை பேரையும், இன்னும் முடிவு செய்யாதவர்கள் என்று தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை நூறாக்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் சொன்ன முதலாமவர் ஐம்பத்திரண்டு ஆகி, பாதி ஊர் அவர் பின்னால் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் என்று திடமாகச் சொன்ன ஆட்கள், முடிவு செய்யத் தெரியாதவர்களாகிப் போனார்கள்.

"நீங்கதானே சேக்கறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். நேத்து சாயங்காலம் சேக்கத்தான் உக்காந்தேன். அப்பத்தான் தோணிச்சு. நாளைக்கு ஒருத்தன் கிளப்புவான், அக்கா வேலை செய்யற எடத்துல தம்பிக்கு ஏத்திப் போட்டுட்டாங்கன்னு. நீங்களே வந்து சொன்னதுக்கப்புறம் எனக்குத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. நிறுவனத்தோட பேர் என்னாகும்? உங்க பேர் என்னாகும்?"

"நான் மறைச்சிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறைச்சிருந்தா சேத்திருப்பேன்" என்றார்.

அவள் தன் மூலை மேஜைக்குத் திரும்பினாள். அதற்குள் மற்றவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த மேஜைக்காரி கையில் செய்தித்தாள். "பாத்தீங்களா அக்கா, நம்ம ஆம்புலன்ஸ்காரர் பேரே இல்ல. நின்னாரா இல்லையா, பாவம்?"

மத்தியானம் விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான் தம்பி. புதுச் சட்டை கதவுக் கைப்பிடியில் தொங்கியது.

எல்லாவற்றையும் சொன்னாள். நூற்று முப்பத்தேழு, ஒன்பதாம் பொத்தான், குறிப்புக் கட்டம். அவன் துடைப்பத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"உன் கையால எத்தனை ஒன்பது?"

"பதினாலு."

"பதினாலு பேர் உன் காதுல என்னைச் சொல்லியிருக்காங்க. ஒருத்தர்கிட்டகூட, அவன்தான் இவன்னு உன் வாயில வரலையா?"

"விதிடா அது. நான் சொல்லியிருந்தா அந்தப் பதினாலும் பொய்யாப் போயிருக்கும்."

"இப்ப மட்டும் என்னவாப் போச்சு?" என்றான். துடைப்பத்தை வாளியில் போட்டான். "சட்டையத் தச்சுக்கோன்னியேக்கா. அதுக்கு மட்டும் விதி இல்லையா?"

அங்கிருந்தே தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். பதினாறு வருஷத்தில் ரகசியக் காப்பு விதியை மீறியது அதுதான் முதல் தடவை. எடுத்தவர் செய்தி ஆசிரியர். பொறுமையாகத்தான் கேட்டார். எண்களைக் குறித்துக்கொண்டார். "பெரிய விஷயம்மா இது" என்றுகூடச் சொன்னார். கடைசியில், "ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "அக்கா" என்றாள்.

மறுமுனையில் பேனா வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. "தம்பிக்காக அக்கா சொல்றத நான் எப்படிம்மா போடறது? வேற யாராவது பேசுவாங்களா?"

அடுத்த மேஜைக்காரியைக் கேட்டாள். அவள் தடுப்பைப் பார்த்தபடியே, "எனக்கு ரெண்டு பசங்கக்கா" என்றாள். கணீரக்கா இரண்டாவது தடவை கேட்கவில்லை.

விவாதத்தில் இரண்டே நாற்காலி போட்டார்கள். சாலை, குப்பை, வரி, ஒருவர் மேல் ஒருவர் வழக்கு. ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரவில்லை. கணவர் பாதியில் எழுந்து போய்த் திண்டாடித் திண்டாடி ஒரு பழைய பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவள் கடைசி வரை பார்த்தாள்.

இரண்டாவது கணிப்பில் ஐந்து பெயர்கள் இல்லை. இரண்டு பெயர்களும் 'மற்றவர்கள்' என்ற ஒரு சொல்லும் மட்டும்தான். அவளைப் பல் துலக்கும் பிரஷ் பற்றிய ஆய்வுக்கு மாற்றியிருந்தார் சதவீதம் சார். பற்கள் கூசுகின்றனவா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்துத் தடுப்புகளிலிருந்து அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. மற்றவர்கள், மற்றவர்கள். அந்த முடிவு இன்னும் பரபரப்பாக வந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தைந்து. 'ஒவ்வொரு வாக்கும் முக்கியம்: இழுபறி.'

அதற்குப் பிறகு ஊரின் பேச்சே மாறிப்போனதை அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தம்பியோடு தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டு நடந்த நர்ஸுகள் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். கடையில், பேருந்தில், அவனைக் கண்டால் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்களுக்குத்தான் போடணும்னு ஆசை சார். ஆனா பாருங்க, இந்த வாட்டி..." என்று இழுத்தார்கள். ஒருவர்கூட அவனைக் குறை சொல்லவில்லை.

தேர்தல் முடிவு வந்தது. இரண்டாமவர் தோற்றார், முதலாமவர் ஜெயித்தார். தம்பிக்கு நாலு புள்ளி ஒன்று. அடுத்த நாள் அலுவலகத்தில் எல்லாரையும் நிற்க வைத்து சதவீதம் சார் ஒரு தாளைப் படித்தார். ஐந்து வேட்பாளர்களுக்கும் முதல் கணிப்பில் நிறுவனம் சொன்னதற்கும் தேர்தலில் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள். ஐந்தாவது வேட்பாளர் உட்பட. தொலைக்காட்சி நிலையம் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த மேஜைக்காரி தட்ட ஆரம்பித்து, கணீரக்காவைப் பார்த்துவிட்டு, கைகளை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். வருவானோ மாட்டானோ என்றிருந்தது. வந்தான். வாக்குச்சாவடி வாரியாக எண்கள் அச்சிட்ட தாளையும் கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டபடியே ஒற்றை விரலை எண்களின் மேல் வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தான்.

"இங்க பாருங்க மாமா, நம்ம கடைத்தெரு சாவடி. எனக்கு மொத்தமே முப்பத்தொண்ணு. உங்க வரிசைக் கடைக்காரங்க மட்டுமே நாப்பது பேர் இருப்பாங்களே. அத்தன பேரும் என் தோள்ல கை போட்டவங்க. யாரு மாமா கவுத்தது? உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே."

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடிந்த பிறகும் பிசைந்தார்.

கணீரக்காவுக்கு அந்த மௌனம் பழக்கம். பதினாறு வருஷமாகத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, பதில் தெரியாத மௌனத்துக்கும் பதிலைச் சொல்ல முடியாத மௌனத்துக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

"நீங்களா?" என்றாள்.

"அந்த ரெண்டாவது ஆள் வந்தா கடைத்தெருவ இடிச்சுடுவான்னு பேச்சு" என்றார் அவர். "இழுபறின்னான். ரெண்டு சதவீதம்தான் வித்தியாசம்னான். மச்சான் எப்படியும் ஜெயிக்கப் போறதில்ல. ஒரு ஓட்டுதானேன்னு..."

"அந்தக் கணக்கு பொய்னு நான் உங்ககிட்டச் சொன்னேன். இதே இடத்துல உக்காந்து சொன்னேன். நூத்தி முப்பத்தேழுன்னு எண்ணோட சொன்னேன்."

"சொன்னே. இல்லைங்கல. நீ ஒரு தடவ சொன்னே. டி.வி.ல தினமும் சொன்னான்."

தம்பி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அது அந்தப் புதுச் சட்டை.

"பரவால்ல மாமா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் வண்டி. உங்களுக்கு நெஞ்சு வலி கிஞ்சு வந்தா எனக்கே போன் பண்ணுங்க, நான் வரேன். என்ன, வலி வர்றதுக்கு ஒரு அரை மணி முன்னாடியே சொல்லிடுங்க."

அவர் சிரித்தார். மச்சான் எது சொன்னாலும் சிரிக்கிற பழக்கம். தம்பி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்றாள் கணீரக்கா.

"போதும்க்கா. நல்லாருந்துச்சு" என்றான், யாரோ வீட்டு விருந்தாளி மாதிரி. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா வீட்டில் அவன் தன் தட்டைத் தானே கழுவி வைத்தது அதுவரை நடந்ததில்லை. கழுவி, துடைத்து, எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் எழுந்து போய் வாங்கிக்கொள்ளவில்லை. எழ முடியவில்லை.